வயித்து வலி கேஸ் இல்ல, பேன்க்ரியாஸா இருக்குமோனு டவுட் வந்தா என்னென்ன பண்ணணும்

மேல் வயித்துல வலி, அது அப்டியே முதுகு வரைக்கும் ஊடுருவிப் போகுது, சாப்ட்டதுக்கு அப்புறம் ஜாஸ்தியாகுது, மல்லாக்கப் படுத்தா இன்னும் மோசம், காலைக் கட்டிக்கிட்டு முன்னாடி குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் பரவால்ல. இப்டி ஒரு வலி மாசக்கணக்குல வந்து வந்து போச்சுனா நம்ம ஊர்ல அதுக்கு முதல்ல கிடைக்கிற பேரு கேஸ், அடுத்தது அல்சர். மெடிக்கல் ஷாப்ல அசிடிட்டிக்கு ஒரு அட்டை பேன்டாப்ரசோல், வீட்ல ஓமத்தண்ணி, பெருங்காயம் போட்ட மோர், நாலஞ்சு நாள்ல வலி அடங்கிரும். அது தானா அடங்குற வலி, க்ரானிக் பேன்க்ரியாடைட்டிஸ்ங்கற பேன்க்ரியாஸ் நோயில வலி அப்டித்தான் விட்டு விட்டு வரும், ஆனா மாத்திரை கேட்டுச்சுனு நெனச்சுக்கிட்டு அடுத்த தடவையும் அதே அட்டையத்தான் வாங்குவோம்.

இப்டியே வருஷக்கணக்குல ஓட்டினவங்க நெறைய பேர். எங்க வீட்லயும் இந்த நோய் இருக்கு, என் தங்கச்சிக்கு, அதனால ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து மத்தவங்க கதையும் நெறைய கேட்டிருக்கேன். டாக்டர் இல்ல நான், மருந்து டோஸ் எல்லாம் உங்க டாக்டர்கிட்ட பேசித்தான் முடிவு பண்ணணும். ஆனா டாக்டர் ரூம்ல கிடைக்கிற அஞ்சு நிமிஷத்துல என்ன கேக்கணும்னு தெரிஞ்சு போனா பாதி அலைச்சல் மிச்சம், அதுக்குத்தான் இத எழுதுறேன்.

முதல்ல இது என்னனு சுருக்கமா. கணையம், நாம எல்லாரும் பேன்க்ரியாஸ்னே சொல்றோம், இரைப்பைக்குப் பின்னாடி முதுகெலும்பை ஒட்டி இருக்கு. அதுக்கு ரெண்டு வேலை, சாப்பாட்ட செரிக்கிற என்சைம் ஜூஸ் விடுறது ஒண்ணு, இன்சுலின் மாதிரி ஹார்மோன் விடுறது இன்னொண்ணு. திடீர்னு ஒரு நாள் வீங்கி, அட்மிட் பண்ணி, சரியாகி வீட்டுக்கு வர்றது அக்யூட் பேன்க்ரியாடைட்டிஸ். அப்டி இல்லாம உள்ளுக்குள்ளயே புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, தழும்பு விழுந்து இறுகிப்போய், ஜூஸ் வர்ற குழாய் ஒரு இடத்துல சுருங்கி ஒரு இடத்துல வீங்கி, அதுல கல்லும் சேர்ந்து கிடந்தா அது க்ரானிக். இதுல போனது போனதுதான், பழையபடி புதுசா ஆக்குற மருந்து இன்னும் வரல. ஆனா மேனேஜ் பண்ணலாம், நல்லாவே மேனேஜ் பண்ணலாம். அதுக்கு மூணு விஷயத்தத் தனித்தனியா பாக்கணும்: வலி, செரிமானம், சுகர். ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கிறது வலி, அதனால எல்லாரும் அதையே பேசுவாங்க, வலி இல்லனா மாத்திரையும் இல்ல செக்கப்பும் இல்ல. ஆனா ஆளை உள்ளுக்குள்ள உருக்குறது மத்த ரெண்டும். அது ரெண்டையும் பெரும்பாலும் நாமளேதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கு.

டெஸ்ட் எடுக்குறது

பிளட் டெஸ்ட்ல அமைலேஸ், லைப்பேஸ்னு பேன்க்ரியாஸ் விடுற ரெண்டு என்சைமும் நார்மல்னா பேன்க்ரியாஸ் நல்லாருக்குனு அர்த்தம் கிடையாது. இத நல்லா மண்டையில ஏத்திக்கோங்க. அக்யூட்ல லைப்பேஸ் நார்மல் அளவோட உச்சத்துக்கு மூணு மடங்குக்கு மேல போகும், அத வச்சே கண்டுபிடிக்கிறாங்க. க்ரானிக்ல, அதுவும் ரொம்ப நாள் ஆனதுக்கு அப்புறம், அந்த என்சைம விடுறதுக்கே உள்ள செல்லு மிச்சம் இருக்காது, அப்புறம் எங்கருந்து ஏறும்? வலி உயிர் போகும், ரிப்போர்ட் பாத்தா சுத்தமா நார்மல்னு வரும். அத வச்சு "ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்"னு அனுப்பிவிட்டா நம்பிட்டு வந்துராதீங்க.

அடுத்தது அல்ட்ராசவுண்ட். வயித்து வலினு போனாலே இதத்தான் முதல்ல எடுப்பாங்க. இங்க ஒரு சின்ன விஷயம், ரிப்போர்ட் வந்ததும் கடைசில இருக்கிற இம்ப்ரஷன மட்டும் பாக்காம நடுவுல பேன்க்ரியாஸ்னு போட்டிருக்கிற வரியப் படிங்க. நெறைய ரிப்போர்ட்ல "பேன்க்ரியாஸ் அப்ஸ்க்யூர்டு பை பவல் கேஸ்"னு இருக்கும், அதாவது குடல்ல இருக்கிற காத்து மறைச்சதால பேன்க்ரியாஸே சரியா தெரியலனு. கீழ இம்ப்ரஷன்ல "நோ சிக்னிஃபிகன்ட் அப்நார்மாலிட்டி"னு இருக்கும். ரெண்டையும் சேர்த்துப் படிச்சா என்ன அர்த்தம், பாக்கவே முடியாத உறுப்புக்கு நார்மல் சர்டிஃபிகேட் குடுத்தாச்சுனு அர்த்தம். அந்த வரி இருந்துச்சுனா அது பேன்க்ரியாஸ் நல்லாருக்குங்கறதுக்கு ஆதாரமே இல்ல, அந்த வரிய விரல் வச்சுக் காட்டி டாக்டர்கிட்ட சிடி எடுக்கலாமானு கேளுங்க.

சிடி ஸ்கேன்தான் இதுக்கு முதல் படி. கல்லு, குழாய் வீக்கம், பேன்க்ரியாஸ் சுருங்கிப் போறது, பக்கத்துல நீர்க்கட்டி இருக்கா, எல்லாம் அதுல தெரியும். கான்ட்ராஸ்ட் ஊசி போடுவாங்க, அதனால கிட்னி எப்டி இருக்குனு பாக்குற க்ரியாட்டினின் டெஸ்ட் முன்னாடியே பாத்துருவாங்க, அலர்ஜி ஏதும் இருந்தா, கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருந்தா, மெட்ஃபார்மின் போட்டுட்டு இருந்தா முன்கூட்டியே சொல்லிருங்க. ரிப்போர்ட்ல "கால்சிஃபிகேஷன்", "டைலேட்டட் எம்பிடி", "அட்ரோஃபி"னு வார்த்தைங்க வந்தா முறையே கல்லு, மெயின் குழாய் வீங்கியிருக்கு, சதை சுருங்கிருச்சு. கல்லு நெறைய சேர்ந்துருச்சுனா சில பேருக்கு சாதா எக்ஸ்ரேலயே முதுகெலும்புக்கு குறுக்க வெள்ளை வெள்ளையா தெரியும்.

சிடில தெளிவா ஒண்ணும் இல்ல, ஆனா சந்தேகம் போகலனா எம்ஆர்சிபி, அது எம்ஆர்ஐ மாதிரிதான், குழாயோட மேப்ப அழகா காட்டும். அதுக்கும் மேல ஈயூஎஸ், எண்டோஸ்கோப்பி முனையில ஸ்கேன் வச்சு இரைப்பைக்குள்ள இருந்தே பேன்க்ரியாஸப் பாக்குறது. ஆரம்ப ஸ்டேஜ் மாத்தம் இதுலதான் தெரியும், ஆனா வயசானவங்களுக்கும் சிகரெட் குடிக்கிறவங்களுக்கும் நோயே இல்லாம லேசான மாத்தம் தெரியறதும் உண்டு, அதனால ஈயூஎஸ் ரிப்போர்ட் ஒண்ண மட்டும் வச்சு முத்திரை குத்தக் கூடாது. ஈஆர்சிபினு ஒண்ணு சொல்வாங்க, எண்டோஸ்கோப்பி வழியா பேன்க்ரியாஸ் குழாய்க்குள்ளயே போறது, அது ட்ரீட்மென்டுக்கு. வெறும் கண்டுபிடிக்கிறதுக்காக இப்ப அத பண்றதில்ல, அதுவே பேன்க்ரியாடைட்டிஸ கிளப்பி விடலாம்.

இனி யாரும் கேக்காத டெஸ்ட்: மலத்துல ஃபீக்கல் எலாஸ்டேஸ். செரிமான வேலை எவ்ளோ மிச்சம் இருக்குனு இதுல தெரியும். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழ வந்தா குறைவு, 100க்குக் கீழனா நல்லாவே அடி வாங்கிருக்குனு எடுத்துக்கலாம். தண்ணியா போற அன்னிக்கு சாம்பிள் குடுக்காதீங்க, தண்ணி கலந்து பொய்யா குறைச்சுக் காட்டும், கொஞ்சம் கெட்டியா போற அன்னிக்குக் குடுங்க. ஏற்கெனவே செரிமானத்துக்குக் குடுக்கிற என்சைம் கேப்சூல் போட்டுட்டு இருந்தாலும் நிறுத்த வேண்டியதில்ல, கேப்சூல்ல இருக்கிறது பன்னியோட என்சைம், டெஸ்ட் மனுஷ எலாஸ்டேஸ மட்டும்தான் எண்ணும்.

டெஸ்ட்டுக்குக் காசு இல்லனா கண்ணால பாக்குறதும் ஒரு டெஸ்ட்தான், சங்கடமா இருந்தாலும் சொல்றேன். மலம் வெளுத்து, பெருசா, கெட்ட நாத்தத்தோட, தண்ணி ஊத்தினாலும் போகாம ஒட்டிக்கிட்டு, மேல எண்ணெய் மினுமினுப்பு தெரிஞ்சா கொழுப்பு செரிக்காம அப்டியே வருதுனு அர்த்தம். பேன்க்ரியாஸோட லைப்பேஸ் பத்துல ஒரு பங்குக்குக் கீழ இறங்கினாத்தான் இந்த நிலைமைக்கு வரும், அதாவது இது தெரியறப்பவே ரொம்ப லேட். ஆனா இட்லி, ரசஞ்சாதம், கஞ்சினு சாப்பிடுறவங்களுக்கு உள்ள போற கொழுப்பே கம்மி, அவங்களுக்கு எண்ணெய் தெரியவே தெரியாது, சத்து மட்டும் போயிட்டே இருக்கும். வலிக்கு பயந்து சாப்பாட்டக் குறைச்சவங்களும் இதே கேஸ்தான். அதனால எண்ணெய் இல்லையேனு நிம்மதி ஆகாம வெயிட்டப் பாருங்க. மாசம் ஒருதடவ அதே மெஷின்ல, அதே மாதிரி டிரஸ்ஸோட.

"குடிப்பியா?"

காரணம் கண்டுபிடிக்கிறதும் டெஸ்ட்ல ஒரு பகுதி. உலகம் முழுக்க பெரிய காரணம் சாராயம்தான், அதுல மாத்துக் கருத்தே இல்ல, சிகரெட்டும் தனியாவே ஒரு காரணம், ரெண்டும் சேர்ந்தா கேக்கவே வேணாம். ஆனா எல்லாருக்கும் இல்ல. என் தங்கச்சிக்கு முதல் முதலா ரிப்போர்ட் வந்தப்ப காலேஜ் படிச்சிட்டிருந்தா, ஒரு டியூட்டி டாக்டர் எங்கம்மா முன்னாடியே "ஏம்மா, ஹாஸ்டல்ல எதாவது குடிக்கிற பழக்கம் உண்டா?"னு கேட்டாரு. கேள்வி தப்பில்ல, கேக்க வேண்டிய கேள்விதான், கேட்ட விதமும் "இல்ல"னு சொன்னதுக்கு அப்புறம் பாத்த பார்வையும்தான் அம்மாவ இன்னிக்கு வரைக்கும் உறுத்துது.

சொல்லப்போனா நம்ம பக்கம், தமிழ்நாடு கேரளா பகுதிக்குனே பேர் போன ஒரு வகை இருக்கு, ட்ராப்பிகல் பேன்க்ரியாடைட்டிஸ்னு சொல்வாங்க. சின்ன வயசுலயே வரும், குடிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, குழாய்க்குள்ள பெரிய பெரிய கல்லு, கொஞ்ச வருஷத்துல சுகர். 1959ல சூய்டெமாங்கறவர் இந்தோனேசியாவுல இந்த மாதிரி நோயாளிகளப் பத்தி எழுதினாரு, அதுக்கப்புறம் கேரளாவுல டாக்டர் கீவர்கீஸ் ஏகப்பட்ட நோயாளிகளப் பாத்துப் பதிவு பண்ணாரு. சின்ன வயசுல வயித்து வலி, பருவ வயசுல சுகர், நல்ல வயசுல சாவுனு அவர் சொன்னது டாக்டருங்க மத்தியில ரொம்ப பிரபலம், அந்தக் காலத்து நிலைமை அப்டி. இப்ப இன்சுலினும் என்சைமும் ஒழுங்கா போனா ஆளுங்க ரொம்ப வருஷம் நல்லா இருக்காங்க, பழசப் படிச்சுட்டு பயந்துராதீங்க. சென்னையில டாக்டர் வி. மோகன் டீம் இந்த சுகர் வகையப் பத்தி நெறைய ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க.

மரவள்ளிக்கிழங்கு சாப்ட்டதாலதான் வருதுனு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க. அது நிரூபணம் ஆகல, கிழங்கே தொடாத வீட்லயும் வருது, கிழங்கு சாப்பிடுற ஊர்ல எல்லாருக்கும் வர்றதும் இல்ல. இப்ப ஜீன் பக்கம்தான் கை காட்டுறாங்க, ஸ்பின்க்1ங்கற ஜீன்ல ஒரு மாத்தம் இந்த நோயாளிகள்கிட்ட அதிகமா இருக்கு. அதனால கூடப்பிறந்தவங்களுக்கு இதே மாதிரி வலி இருந்தா அலட்சியம் பண்ணாதீங்க.

காரணம் தேடும்போது ரெண்டு டெஸ்ட் கண்டிப்பா இருக்கானு பாருங்க, ரெண்டும் ரொம்ப செலவு இல்ல: ரத்தத்துல கால்சியம், ட்ரைகிளிசரைடுங்கற கொழுப்பு. கால்சியம் அதிகமா இருந்தா கழுத்துல பாராதைராய்டு சுரப்பி பிரச்சனையா இருக்கலாம், சின்ன ஆபரேஷன்ல அதுக்கு முடிவு கட்டலாம். ட்ரைகிளிசரைடு 1000க்கு மேல போனாலே பேன்க்ரியாஸுக்கு ஆபத்து. ஆட்டோஇம்யூன்னு ஒரு வகை, உடம்போட எதிர்ப்பு சக்தியே பேன்க்ரியாஸத் தாக்குறது, அதுக்கு ஐஜிஜி4ங்கற ரத்த டெஸ்ட், அது ஸ்டீராய்டுக்கு நல்லா கேக்கும், கேன்சர் கட்டி மாதிரியே ஸ்கேன்ல தெரியும்ங்கறதால அவசரப்பட்டு ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டிய விஷயம்.

வலிக்கு

காரணம் எதுவா இருந்தாலும் சாராயத்தையும் சிகரெட்டையும் முழுசா விடணும், "பீர் மட்டும்"ங்கறது கணக்குல வராது. பல பேரு குடிய நிறுத்திட்டு சிகரெட்ட அப்டியே வச்சுக்குவாங்க, டாக்டரும் குடிய மட்டும்தான் திட்டுவாரு. நோய் வேகமா முத்துறதுல சிகரெட்டுக்கும் பங்கு உண்டு, கல்லு சேர்றதுலயும் உண்டு.

மருந்துனு வந்தா பாராசிட்டமால்ல ஆரம்பிச்சு, பத்தலனா டிரமடால், கூட பிரெகாபலின் மாதிரி நரம்பு வலி மருந்து. ஏன் நரம்பு மருந்துனு கேக்கலாம், ரொம்ப நாள் வலி இருந்தா நரம்பே வலியப் பழகிக்கிட்டு சின்ன விஷயத்துக்கும் கத்த ஆரம்பிச்சுரும், அத அமைதிப்படுத்தத்தான். டிரமடால், மார்ஃபின் மாதிரி மருந்தெல்லாம் சீட்டு இல்லாம நீங்களே ஏத்திக்கிட்டே போகாதீங்க, பழக்கமாயிரும், மலச்சிக்கல் வரும், சில சமயம் அதுவே வயித்து வலியக் கூட்டும். டைக்ளோஃபெனாக் ஊசி ஒவ்வொரு தடவையும் போய் போட்டுட்டு வர்றதும் கிட்னிக்கும் இரைப்பைக்கும் நல்லதில்ல.

ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை, அதாவது செலினியம், விட்டமின் சி, இ, பீட்டா கரோட்டின், மெத்தியோனின் சேர்ந்தது, நம்ம ஊர்ல நெறைய டாக்டருங்க எழுதுறாங்க. 2009ல டெல்லி எய்ம்ஸ் ஆராய்ச்சியில வலி குறைஞ்சதுனு வந்துச்சு, 2012ல இங்கிலாந்துல பண்ணதுல பிரயோஜனம் இல்லனு வந்துச்சு. டெல்லியில இருந்தவங்க பெரும்பாலும் இளவயசு, குடிப் பழக்கம் இல்லாதவங்க, இங்கிலாந்துல பெரும்பாலும் குடியால வந்தவங்க. அதனால குடி சம்பந்தம் இல்லாதவங்க கொஞ்ச மாசம் போட்டுப் பாத்து, வலி நாள் குறையுதானு எழுதி வச்சு, குறையலனா நிறுத்திரலாம்ங்கறது என் எண்ணம்.

குழாய்ல கல்லு அடைச்சிருந்தா மாத்திரையால அடைப்பு போகாது. இங்க ஒரு விஷயம், கிட்னி கல்லுக்கு சொல்ற வாழைத்தண்டு ஜூஸ், கல்லுருக்கி கஷாயம் எல்லாம் இதுக்கும் சொல்வாங்க, பேன்க்ரியாஸ் கல்லு கால்சியம் கார்பனேட், குடிச்சா கரையாது, காலம்தான் கரையும். மெயின் குழாயில கல்லு 5 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா ஈஎஸ்டபிள்யூஎல்னு ஷாக் வேவ் குடுத்து வெளியில இருந்தே ஒடைப்பாங்க, பல சிட்டிங் ஆகலாம், ஒடைஞ்ச தூள ஈஆர்சிபி பண்ணி எடுப்பாங்க. ஹைதராபாத் ஏஐஜி ஆஸ்பத்திரில இது ரொம்ப பெரிய அளவுல பண்றாங்க, நம்ம பக்கத்துல இருந்து போறவங்க நெறைய. அப்டி குழாயில ஸ்டென்ட், அதாவது குழாய் அடைக்காம இருக்க ஒரு சின்ன டியூப், வச்சு அனுப்பினா, எப்ப மாத்தணும் எப்ப எடுக்கணும்னு தேதிய டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதச் சொல்லி வாங்குங்க, வீட்டுக் காலண்டர்லயும் எழுதுங்க. வலி போயிருச்சுங்கற சந்தோஷத்துல ஸ்டென்ட்டயே மறந்துட்டு, அது அடைச்சு ஜுரத்தோட வர்றவங்க இருக்காங்க.

ஆபரேஷன்னா கடைசி வழினு ஒரு நெனப்பு இருக்கு. அது அவ்ளோ சரியில்ல. நெதர்லாந்துல 88 பேர வச்சுப் பண்ணி 2020ல வந்த எஸ்கேப்னு ஒரு ஆராய்ச்சி, குழாய் வீங்கி வலி இருக்கிறவங்களுக்கு சீக்கிரமே ஆபரேஷன் பண்ணா, மாத்திரை அப்புறம் எண்டோஸ்கோப்பினு இழுத்துட்டுப் போறத விட ஒன்றரை வருஷத்துல வலி குறைவா இருந்துச்சுனு காட்டிச்சு. அதுக்காக எல்லாரும் ஓடிப்போய் வயித்தக் கிழிச்சுக்கணும்னு இல்ல, எண்டோஸ்கோப்பி ஒண்ணு ரெண்டு ரவுண்டு முடிஞ்சும் வலி திரும்பத் திரும்ப வந்தா சர்ஜன பாக்குறதத் தள்ளிப் போடாதீங்க, அவ்ளோதான். குழாய நீளமாத் திறந்து குடலோட இணைக்கிறது ஒரு வகை, பேன்க்ரியாஸ் தலைப்பகுதி தடிச்சிருந்தா அதையும் குடைஞ்சு எடுத்துட்டு இணைக்கிற ஃப்ரே ஆபரேஷன் இன்னொரு வகை. கேன்சர் சந்தேகம் இருந்தா தலைப்பகுதிய முன்குடலோட சேர்த்தே எடுத்துர்ற விப்பிள் ஆபரேஷன். சாதா சர்ஜன் இல்ல, சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ, அதாவது செரிமான உறுப்புக்குனே இருக்கிற ஆபரேஷன் டிபார்ட்மென்ட், இருக்கிற இடமாப் பாத்துப் போங்க. சென்னை ஸ்டான்லி மாதிரி அரசு ஆஸ்பத்திரிலயே அந்த டிபார்ட்மென்ட் இருக்கு. பிரைவேட்னா முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு அந்த ஆஸ்பத்திரில, அந்த ஆபரேஷனுக்கு செல்லுமானு அட்மிஷனுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் கவுன்ட்டர்ல கேட்டுருங்க, தியேட்டர் வாசல்ல கேக்கக் கூடாது.

என்சைம் கேப்சூல், தட்டுலயே நடக்குற வைத்தியம்

இதத்தான் நான் இழுத்துச் சொல்லணும், ஏன்னா எழுதிக் குடுத்தவங்கள்ல பாதி பேரு தப்பாத்தான் சாப்பிடுறாங்க, அவங்க தப்பும் இல்ல, சீட்டுல மாத்திரை மாதிரியே 1-1-1 சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதி விட்டுர்றாங்க.

இது வயித்துக்குள்ள போய் சாப்பாட்டோட கலக்கணும். சாப்ட்டு முடிச்சு கை கழுவிட்டு டிவி முன்னாடி உக்காந்து போட்டா சோறு முன்னாடி போயிருச்சு, என்சைம் தனியா பின்னாடி போகுது. எங்க வீட்ல எப்டினா தட்டுல சோறு போட்டதும் கேப்சூல் தட்டு ஓரத்துல வந்துரும். ரெண்டு வாய் சாப்ட்டதும் ஒண்ணு, குழம்பு முடிஞ்சு ரசத்துக்குப் போகும்போது இன்னொண்ணு. கல்யாண வீட்டுக்குப் போனா ஹேண்ட்பேக்ல ஒரு சின்ன டப்பா, பந்தியில உக்காந்ததும் இலை ஓரத்துல, பக்கத்துல இருக்கிற அத்தை "என்னடி சாப்பிடும்போதே மாத்திரை"னு கேப்பாங்க, கேக்கட்டும்.

அளவு கேப்சூல் மேலயே இருக்கும், க்ரியான்ங்கற பிராண்டுல 10,000, 25,000ங்கறதெல்லாம் லைப்பேஸ் யூனிட். பெரிய சாப்பாட்டுக்கு 40,000லருந்து 50,000 யூனிட், நடுவுல வடை, பிஸ்கட், பால் மாதிரி எடுத்தா அதுல பாதினு ஆரம்பிக்கிறது வழக்கம். அதாவது மதிய சாப்பாட்டுக்கு ஒரே ஒரு 10,000 கேப்சூல் போட்டுட்டு "ஒண்ணும் வேலை செய்யல"னு சொன்னா அது மருந்தோட தப்பு இல்ல. பரோட்டா சால்னாவுக்கும் ரெண்டு இட்லிக்கும் ஒரே அளவு பத்தாது, எண்ணெய் கூடக்கூட கேப்சூலும் கூடணும். போட்டும் வெயிட் ஏறலனா டாக்டர் டோஸ் ஏத்துவாரு, இல்ல கூட அசிடிட்டி மாத்திரை சேப்பாரு, ஆசிட் அந்த என்சைமக் கெடுத்துராம இருக்க. கட்டன் சாயா, வெறும் பழம் இதுக்கெல்லாம் கேப்சூல் தேவையில்ல.

கடிக்கக் கூடாது, நசுக்கக் கூடாது. முழுங்க முடியாத குழந்தைனா கேப்சூலத் திறந்து உள்ள இருக்கிற குட்டி குட்டி உருண்டைய ஒரு ஸ்பூன் புளிப்புத் தயிர்ல போட்டு உடனே முழுங்க வச்சு தண்ணி குடுங்க, சூடான சோத்துலயோ பால்லயோ கலக்கக் கூடாது. வெயில்ல, பைக் டேங்க் கவர்ல, கேஸ் அடுப்பு பக்கத்துல வைக்காதீங்க. இது பன்னியில இருந்து எடுக்கிறதுங்கறத மறைக்காம சொல்லணும், மத ரீதியா தயக்கம் இருக்கிறவங்க டாக்டர்கிட்டயும் வீட்டுப் பெரியவங்ககிட்டயும் பேசி முடிவு எடுங்க, சொல்லாம பாதியில நிறுத்திட்டு இளைச்சுப் போறதுதான் மோசம். விலையும் அதிகம்தான். அதுக்காக மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற கலர் கலர் டைஜஸ்டிவ் சிரப்ப பதிலுக்கு வாங்காதீங்க, அதுல பெரும்பாலும் ஃபங்கல் டயஸ்டேஸும் பெப்சினும்தான், கொழுப்பு செரிக்கிற லைப்பேஸ் அதுல இருக்காது.

சாப்பாட்டப் பத்தி ஊரே அட்வைஸ் பண்ணும். எண்ணெயே கூடாது, முட்டை கூடாது, தேங்காய் கூடாதுனு வருஷக்கணக்குல கஞ்சி குடிச்சு எலும்பும் தோலுமா ஆனவங்களப் பாத்திருக்கேன். வலி உக்கிரமா இருக்கிற நாலு நாள் வேற, அதத் தாண்டிட்டா என்சைம் போட்டுக்கிட்டு சாதாரண வீட்டுச் சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமா அஞ்சு ஆறு வேளையா, அதுல முட்டை, மீன், பருப்பு, தயிர்னு புரோட்டீன் கண்டிப்பா இருக்கணும். நார்ச்சத்துனு சொல்லி தவிடு, ஓட்ஸ்னு அள்ளிக் கொட்டாதீங்க, அளவுக்கு மீறின நார் இந்த என்சைமோட வேலையக் குறைக்கும்.

கொழுப்பு செரிக்கலனா கொழுப்புல கரையிற விட்டமின் ஏ, டி, இ, கேவும் போகாது. ராத்திரி கண் மங்கல், லேசா இடிச்சாலே கன்னிப் போறது, எலும்பு வலி இதெல்லாம் அதனால இருக்கலாம். விட்டமின் டி லெவல் பாருங்க, எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் எடுக்கணுமானு கேளுங்க, இருபத்தஞ்சு முப்பது வயசுலயே எலும்பு மெலிஞ்சவங்க இந்த நோயில உண்டு.

சுகர்

இது டைப் 1ம் இல்ல, டைப் 2வும் இல்ல. 1985ல உலக சுகாதார நிறுவனம் நம்ம ட்ராப்பிகல் வகை சுகர சத்துக்குறைவால வர்ற சுகர்ங்கற பிரிவுல வச்சாங்க, அப்புறம் அத எடுத்துட்டு பேன்க்ரியாஸ் நோயால வர்ற சுகர்னு மாத்துனாங்க. இப்ப டைப் 3சி-னும் சொல்றாங்க. இதுல இருக்கிற ஆபத்து என்னனா, இன்சுலின் விடுற செல் மட்டும் இல்ல, சுகர் இறங்கும்போது தூக்கி விடுற குளுக்ககான் செல்லும் சேர்ந்து போயிருது. அதனால ஏறினா உச்சிக்கு, இறங்கினா பாதாளத்துக்கு. இன்சுலின் போட்டுட்டு வலி வந்து சாப்பிடாம இருந்தா படார்னு இறங்கிரும், உடம்பு நடுங்கி வேர்த்துக் கொட்டும். பாக்கெட்ல குளுக்கோஸ் பவுடரோ கற்கண்டோ எப்பவும் இருக்கணும், கூட இருக்கிறவங்களுக்கும் சொல்லி வைக்கணும். இன்னொண்ணு, புதுசா என்சைம் கேப்சூல் ஆரம்பிச்சா சாப்பாடு ஒழுங்கா உடம்புல சேர ஆரம்பிக்கும், சுகரும் ஏறும், பயந்து கேப்சூல நிறுத்தாதீங்க, இன்சுலின் அளவத்தான் மாத்தணும்.

வேற சுகர் டாக்டர்கிட்ட போனா முதல் வார்த்தையே "எனக்கு க்ரானிக் பேன்க்ரியாடைட்டிஸ் இருக்கு"னு சொல்லுங்க. சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின் மாதிரி கிளிப்டின் மாத்திரை, செமாக்ளூடைடு மாதிரி ஊசி இதெல்லாம் பொதுவா இவங்களுக்குத் தவிர்ப்பாங்க. சுகர் இன்னும் வராதவங்களும் வருஷத்துக்கு ஒருதடவ மூணு மாச சராசரி சுகரக் காட்டுற ஹெச்பிஏ1சியும் வெறும் வயித்து சுகரும் பாத்துருங்க.

இதுக்கு நடுவுல சில விஷயம் வந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க: கண்ணு மஞ்சளாகுறது, குளிர் ஜுரம், ரத்த வாந்தி இல்ல தார் மாதிரி கருப்பா மலம், ரெண்டு நாளா தண்ணி கூட நிக்காத வாந்தி. அப்புறம் வலியோட குணமே மாறி, விட்டு விட்டு வந்தது விடாம வர ஆரம்பிச்சு, என்சைம் ஒழுங்கா போட்டும் வெயிட் சரசரனு இறங்குனா புதுசா சிடி கேளுங்க, இந்த நோய் இருக்கிறவங்களுக்கு பேன்க்ரியாஸ் கேன்சர் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட அதிகம், பழைய வலிதானேனு விட்டா அதுதான் தப்பிச்சுரும். பழைய சிடி ஸ்கேன் படம் இருக்கிற டிஸ்க்க தூக்கிப் போட்றாதீங்க, ரேடியாலஜி டாக்டருக்கு ரிப்போர்ட் பேப்பர விட அந்தப் படம்தான் முக்கியம், பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் என்ன மாறிருக்குனு அவரால சொல்ல முடியும்.